மரவுரியில் ஒரு புதுத்தோட்டம்

கலைப்படைப்பு என்பது ஒருவர் உள்ளத்தில் தோன்றி ஒருவர் கையால் நிறைவுறுவது என்னும் கொள்கை மேலைநாட்டுத் திறனாய்வில் நெடுங்காலம் நிலைபெற்றிருந்தது. பசிபிக் தீவுகளில் உருவான மரவுரிப் படைப்பொன்று அக்கொள்கையை மீண்டும் ஆராயத் தூண்டுகின்றது. 'புதுத்தோட்டம்' எனப் பொருள்படும் 'தெய்தெய் வோ' (2009) என்பதே அது. நியூசிலாந்து ஓவியர் ராபின் ஒயிட், பிஜித் தீவினராகிய லேபா தோக்கி, பாலே ஜியோனே என்னும் மகளிர் மூவர் இதனை ஆக்கினர்.

ஒயிட் 1982-இல் கிரிபாத்தி நாட்டின் தராவாத் தீவில் குடியேறியவர், அச்சோவியத்தில் தேர்ந்தவர். 1996-இல் அவர்தம் பணிமனையைத் தீ அழித்தது. அதன்பின் அத்தீவில் கிடைக்கும் தாழையோலையையும், அதனால் பாய் முடையும் மகளிரையும் துணையாகக் கொண்டார். இழப்பே கூட்டுப்பணிக்கு வாயிலாயிற்று எனலாம்.

பிஜியில் மரவுரியை 'மாசி' என்பர். மரப்பட்டையை ஊறவைத்து, அடித்து, ஒன்றோடொன்று இணைத்து விரிவாக்குவர். தரையில் விரிந்த அவ்வுரியைச் சூழ்ந்தமர்ந்து பலர் பணிபுரிவர். ஆதலின் கூட்டுழைப்பு என்பது இங்குப் புறத்தேயிருந்து புகுத்திய கொள்கை அன்று, அத்தொழிலின் இயல்பேயாம். மூவரும் பஹாய் சமயத்தினர் ஆதலின், பல இனத்தாரும் ஒன்றாய் வாழும் தோட்டம் என்னும் கருத்தும் அவர்க்குப் பொதுவாயிற்று.

பிஜியர் திருமணத்தில் வழங்கும் மரவுரி, பாய் முதலியவற்றின் மரபைத் தழுவியது இப்படைப்பு. அதனிடையே சேலைத்துணியும் இடம்பெறுகின்றது. சர்க்கரைத் தொழிலைச் சுட்டும் உருக்களும் உள. 1879 முதல் 1916 வரை ஏறத்தாழ 60,000 இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாய்ப் பிஜிக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் தமிழர் முதலியோர் சென்றனர். அத்தீவின் கரும்புத் தோட்டத்தில் பெண்டிர் உற்ற துயரைப் பாரதியார் பாடியதைத் தமிழர் நன்கறிவர். அவர் கண்டது கண்ணீர்த் தோட்டம். இம்மூவர் காட்டுவது மணத்தோட்டம்.

இம்மாற்றம் துயரை மறைக்கின்றதோ எனும் வினா எழும். மறைப்பதாகக் கூறுதற்கில்லை. மணப்பொருளின் நடுவே சேலைத்துணியை வைத்தமை, கூலியாய் வந்தோரின் வழியினரை உறவினராய் ஏற்கும் குறிப்புடையது. உரிமைச் சொற்பொழிவால் ஆகாத ஒன்றை மரவுரியின் மரபு அமைதியாய்ச் செய்கின்றது.

எனினும் ஒரு குறை உண்டு. படைத்தோராகக் குறிக்கப்பெறும் மூவருள் பிஜி இந்தியப் பெண் ஒருத்தியும் இல்லை. சேலை வந்தது, சேலை உடுத்தவள் வந்திலள். கூட்டுப்படைப்பின் அறம், யார் பொருள் இடம்பெறுகின்றது என்பதோடு அமையாது. யார் கை இடம்பெறுகின்றது என்பதையும் வேண்டும். இவ்வளவுகோலைத் தந்ததும் இப்படைப்பே. அதுவே இதன் பெருமையாகும்.