வழக்கில் இல்லாத குற்றம்

அகிரா குரோசாவாவின் ‘ராஷோமோன்’ (1950) பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள்: உண்மை ஒன்றல்ல, பல. காட்டில் ஒரு சாமுராய் இறந்துகிடக்கிறான். கொள்ளைக்காரன், சாமுராயின் மனைவி, ஆவியாக வந்து பேசும் சாமுராய், விறகுவெட்டி என நால்வரும் நான்கு விதமாகச் சொல்கிறார்கள். கொன்றது யார் என்பது கடைசிவரை தெளிவதில்லை.

திருத்தணியில் என் வீட்டுக் கூடத்தில் கல்லூரி மாணவிகள் சிலரோடு இப்படத்தைப் பார்த்தேன். வீட்டில் தெலுங்கு பேசும் ஒருத்தி கேட்டாள்: “கொன்னது யாருன்னுதானே எல்லாரும் பேசறாங்க? அந்தம்மாவுக்கு நடந்ததுக்குக் கேஸே இல்லையா மேடம்?”

இல்லை. கணவனைக் கட்டிப்போட்டுவிட்டு அவளைப் பலவந்தப்படுத்தியதைக் கொள்ளைக்காரனே மறைக்கவில்லை. முடிவில் அவள் இணங்கினாள் என்று மட்டும் சேர்த்துக்கொள்கிறான். தன்னைக் கொல்லும்படி அவள் கொள்ளைக்காரனைத் தூண்டினாள் என்கிறான் கணவன். இரு ஆண்களையும் ஏளனம் செய்து சண்டைக்கு இழுத்தாள் என்கிறான் விறகுவெட்டி. மாச்சிகோ கியோ நடித்த அந்தப் பெண்ணோ, தன்னை அருவருப்போடு பார்த்த கணவனின் கண்களைப் பற்றிப் பேசுகிறாள். ஆக, நடந்த வன்முறையில் யாருக்கும் சந்தேகமில்லை. சந்தேகமெல்லாம் அவள் மனத்தின் மேல்தான். நீதிபதியைப் படம் காட்டுவதே இல்லை. சாட்சிகள் நம்மைப் பார்த்துப் பேசுகிறார்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்து நாமும் கொலையை மட்டுமே விசாரிக்கிறோம்.

‘ராஷோமோன்’ பாதிப்பில் உருவானதாகப் பரவலாகச் சொல்லப்படும் தமிழ்ப்படம், எஸ். பாலசந்தர் இயக்கி ஏவி.எம். தயாரித்த ‘அந்த நாள்’ (1954). பாடலே இல்லாத படம். சென்னையில் ஜப்பானியக் குண்டு விழுந்த 1943ஆம் ஆண்டில் கதை நடக்கிறது. ஜப்பானியருக்கு ரகசியம் விற்கும் ரேடியோ இன்ஜினீயர் ராஜனாக சிவாஜி கணேசன், மனைவி உஷாவாக பண்டரிபாய். இங்கே உண்மை ஒன்றுதான்: உஷாவின் கையிலிருந்த துப்பாக்கியால்தான் ராஜன் இறக்கிறான். கணவனைத் தெய்வமாகக் கும்பிடச் சொன்ன தமிழ்த்திரையில் இது பெரிய துணிச்சல். ஆனால் அந்தத் துப்பாக்கியைத் தூக்கும் உரிமை அவளுக்கு நாட்டின் பெயரால் மட்டுமே கிடைக்கிறது. ராஜனுக்கு வேறொரு பெண்ணோடும் உறவுண்டு. தனக்கு நேர்ந்த அந்தத் துரோகத்துக்காக உஷா துப்பாக்கியைத் தூக்கியிருந்தால் படம் அவள் பக்கம் நின்றிருக்குமா?

ஒரு படத்தில் அவளுக்கு நடந்தது வழக்கே ஆகவில்லை; இன்னொன்றில் அவளுக்கு நடந்தது காரணமாகவில்லை. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். கொலையாளியைத் தேடும்போதே, எந்தக் குற்றம் பதிவாகவில்லை என்றும் கேளுங்கள்.