புறா என்றொரு வசைச்சொல்

கூட இருந்துகொண்டே காவல்துறைக்குத் துப்புக் கொடுப்பவனை அமெரிக்கப் பேச்சுவழக்கில் ‘ஸ்டூல் பீஜன்’ என்பர். சுருக்கமாகப் ‘புறா’ என்றாலே கைகலப்பு நிச்சயம். வேடன் ஒரு புறாவைக் கட்டையில் கட்டிவைத்து, அதைக் கண்டு இறங்கும் பிற புறாக்களை வலைக்குள் வீழ்த்துவான். அப்படிக் கட்டிவைக்கும் பறவையை நம் முன்னோர் ‘பார்வை’ என்றனர். ஆக, அச்சொல் முதலில் சுட்டியது இனத்தையே ஏமாற்றி அழைக்கும் பறவையை. வாய்திறந்து உண்மை சொல்பவனை அன்று.

இந்த வேறுபாட்டை உணர்ந்து எடுக்கப்பட்ட படம், எலியா கசானின் ‘ஆன் தி வாட்டர்ஃபிரண்ட்’ (1954). துறைமுகத் தொழிற்சங்கத்தை ரவுடிக் கும்பலொன்று கைப்பற்றியிருக்கிறது. விசாரணைக் குழுவிடம் சாட்சி சொல்லத் துணிந்த ஜோயி என்னும் இளைஞனை, அவனுடைய புறாவைக் காட்டியே மாடிக்கு வரவழைக்கிறான் டெரி. மாடியிலிருந்து ஜோயி தள்ளிவிடப்படுகிறான். டெரி உண்மையிலேயே ‘பார்வைப் புறா’வாக இருந்தது அந்த இரவில்தான், அன்று எவரும் அவனை அப்படி ஏசவில்லை. பின்னர் அவன் விசாரணையில் உண்மையைச் சொன்னபோதுதான் ஊரார் முகம் திருப்பிக்கொள்கின்றனர். அவனைத் தலைவனாகக் கொண்டாடிய சிறுவனே அவன் வளர்த்த புறாக்களையெல்லாம் கொன்றுபோடுகிறான். மார்லன் பிராண்டோவின் முகம் இங்கே பேசுவதை எந்த வசனமும் பேசாது.

படத்தில் வரும் குருவானவர் பாரி, நியூயார்க் துறைமுகத்தில் பணியாற்றிய இயேசு சபைக் குரு ஜான் கோரிடனை முன்மாதிரியாகக் கொண்டவர். டெரி பாவசங்கீர்த்தனம் கேட்டு வரும்போது பாரி முதலில் மறுக்கிறார். அங்கே கேட்டால் தம் வாய் முத்திரையிடப்பட்டுவிடும் என்பது அவர் வாதம். குருத்துவப் பணியில் இருக்கும் எனக்கு இக்காட்சி இன்றும் நெருடுகிறது. மனம் வருந்தி வந்தவனைச் சாட்சியாகப் பார்ப்பதா, பாவியாகப் பார்ப்பதா?

படத்துக்கு வெளியேயும் ஒரு கதை உண்டு. 1952 ஏப்ரலில், அமெரிக்க நாடாளுமன்றக் குழுவொன்றின் முன் தம் பழைய பொதுவுடைமைத் தோழர்கள் எட்டுப் பேரின் பெயர்களைக் கசான் சொன்னார். டெரியின் குரலில் தாமே பேசியதாகத் தம் சுயசரிதையில் (1988) ஒப்புக்கொள்கிறார். அவருடைய நண்பராயிருந்த ஆர்தர் மில்லரோ, 1955-ல் அதே நியூயார்க் துறைமுகப் பகுதியைக் களமாக்கி ‘எ வியூ ஃபிரம் தி பிரிட்ஜ்’ எழுதினார். அதில் எட்டி என்பவன், அனுமதியின்றி நாட்டுக்குள் வந்து தன் வீட்டில் அடைக்கலம் புகுந்த மனைவியின் உறவினரைக் குடியேற்ற அதிகாரிகளிடம் காட்டிக்கொடுக்கிறான். மறுஆண்டு தம்மிடமே பெயர்கள் கேட்கப்பட்டபோது மில்லர் சொல்ல மறுத்தார்.

டெரி சொன்னது தன்னைக் கொல்லக்கூடிய வலியவருக்கு எதிராக. எட்டி சொன்னது தன் கூரையின்கீழ் உறங்கிய எளியவருக்கு எதிராக. கசான் சொன்ன பெயர்களுக்கு உரியவர்களிடம் அடியாட்களும் இல்லை, துறைமுகமும் இல்லை. பிழைப்பு மட்டுமே இருந்தது. அதைக் காத்துக்கொண்டவர் கசான்தான். டெரியின் துணிவை அவர் கடன் வாங்கியிருக்கிறார் என்றே நான் கருதுகிறேன். அதனால் படத்தின் உண்மை குறைந்துவிடவில்லை.

1999-ல் கசானுக்குச் சிறப்பு ஆஸ்கர் விருது வழங்கியபோது அரங்கில் சிலர் எழுந்து கைதட்டினர். சிலர் கைகட்டி அமர்ந்திருந்தனர். நான் அங்கிருந்தால் கைதட்டியிருப்பேன், எழுந்திருக்க மாட்டேன்.