விளக்கு இல்லாதவர் கண் கூசாதா?

இரவில் கார் ஓட்டுபவருக்குத் தொலைவு தெரிய வேண்டும். எதிரே வருபவருக்குக் கண் கூசக் கூடாது. ஹை பீம் போட்டால் எதிராளி தவிப்பார். டிம் செய்தால் நமக்குப் பாதை குறுகும். இந்தப் பழைய இக்கட்டைத் தீர்க்க வந்ததுதான் சூழலுக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் ஹெட்லைட்.

வளைவுக்கேற்ப விளக்கைத் திருப்பும் யோசனை புதிதல்ல. 1948-இன் டக்கர் காரில் நடுவிலிருந்த மூன்றாவது விளக்கு ஸ்டீயரிங்கோடு சேர்ந்து திரும்பியது. ஒளியையே கூறுபோடும் வித்தை 2013-இல் ஆடி ஏ8 காரோடு வந்தது. அதன் ஒவ்வொரு ஹெட்லைட்டிலும் ஹை பீமுக்கென்று 25 எல்இடிகள். முன்கண்ணாடிக்குப் பின்னாலுள்ள கேமரா எதிர்வண்டியைக் கண்டதும், அந்தத் திசைக்குரிய எல்இடிகள் மட்டும் அணையும் அல்லது மங்கும். சாலையோரமும் மரங்களும் முழு வெளிச்சத்திலேயே இருக்கும். டிம் செய்யச் சோம்பும் ஓட்டுநர்கள் மலிந்த நம் சாலைகளுக்கு இது பெரிய வரம் என்றே நினைக்கிறேன். அமெரிக்கா இதை 2022 பிப்ரவரியில்தான் அனுமதித்தது. லோ பீம், ஹை பீம் என்ற இரண்டை மட்டுமே அறிந்த 1960-களின் விதி அதுவரை வழிமறித்து நின்றது. டொயோட்டா 2013-லேயே மனுப் போட்டும் ஒன்பது ஆண்டு போனது வருத்தத்துக்குரியது.

ஆனால் அந்தக் கேமரா முதன்மையாகத் தேடுவது மற்ற வண்டிகளின் விளக்குகளை. குறை இங்கேதான் தொடங்குகிறது. நம் நான்குவழிச் சாலைகளின் நடுத்திட்டில் அரளி வளர்த்திருக்கிறார்கள். எதிரே வரும் லாரியின் விளக்குகள் அந்தச் செடிக்குள் மறைந்துவிடலாம்; உயரத்தில் அமர்ந்திருக்கும் லாரி ஓட்டுநரின் கண்கள் மறைவதில்லை. வண்டியே இல்லையென்று கேமரா எண்ணுவதால் ஹை பீம் எரிந்துகொண்டிருந்தால் அந்த ஒளி நேரே அவர் முகத்தில் விழும். மேட்டின் உச்சியிலும் திடீர் வளைவிலும், கேமரா சுதாரிப்பதற்குள் எதிராளியின் பார்வை ஒரு கணம் பறிபோகலாம்.

இதைவிட என்னை உறுத்துவது நடப்பவர்களின் நிலை. தைப்பூசத்துக்குப் பழனி நோக்கி இரவிலும் நடக்கும் பக்தர்கள், விளக்கில்லாத சைக்கிளில் வேலை முடிந்து திரும்புபவர்: இவர்கள் நம் கண்ணுக்கு முன்கூட்டியே தெரிகிறார்கள், அது உயிர்காக்கும் நன்மை. ஆனால் எதிரே நடந்து வருபவர் முழு ஒளியையும் தாங்குகிறார். கால் வைக்கும் இடம் அவருக்குத் தெரியாது. கார் வைத்திருப்பவரின் கண்ணுக்குக் கிடைக்கும் மரியாதை காலால் நடப்பவரின் கண்ணுக்குக் கிடைக்காதது நியாயமில்லை.

செலவும் உண்டு. சிறு மோதலில் உடைந்தாலும் பல கார்களில் விளக்குத் தொகுதி முழுவதையும் மாற்ற வேண்டியிருக்கும். அந்தச் செலவு காலப்போக்கில் குறையலாம். நடப்பவரைக் கணக்கில் எடுக்காத குறை தானாகத் தீராது. ஆளையும் அடையாளம் கண்டு, முகத்தைத் தவிர்த்து உடலில் மட்டும் ஒளி விழச் செய்வதை விதியே கட்டாயமாக்க வேண்டும். அதுவரை, இந்த வசதியுள்ள கார் வைத்திருப்பவர்களே, எதிரே ஒருவர் நடந்து வந்தால் கேமராவை நம்பிக் காத்திராமல் நீங்களே டிம் செய்யுங்கள்.