கைவிட்ட கிணறுகளும் சிமெண்ட் அடைப்பும்

எண்ணெய் வற்றிய கிணற்றைக் கைவிடும்போது உள்ளே சிமெண்ட் குழம்பை இறக்கி அடைப்பதே உலகெங்கும் வழக்கம். பிறகு குழாயின் தலையை வெட்டிவிட்டு மண்மூடிப் போகிறார்கள். இந்த அடைப்பு காலவரையின்றித் தாங்க வேண்டும் என்கிறது நார்வேயின் நார்சாக் டி-010 தரநிலை. அதற்கான உறுதி நம்மிடம் இருக்கிறதா?

சிமெண்டின் தகுதியைக் குறைத்துச் சொல்ல முடியாது. விலை மலிவு, எங்கும் கிடைக்கும். குழம்பாகப் பல கிலோமீட்டர் ஆழம் வரை செலுத்தலாம், நீருக்குள்ளும் இறுகும். நன்றாக இறுகிய சிமெண்ட் வழியே வாயு ஊடுருவுவது மிக அரிது. அதன் காரத்தன்மை இரும்புக் குழாயைத் துருவிலிருந்தும் காக்கிறது.

குறை பெரும்பாலும் அதன் ஓரங்களில்தான். இறுகும்போது சிமெண்ட் சற்றே சுருங்குகிறது. குழாய்க்கும் அதற்கும் இடையே மயிரிழையிலும் மெல்லிய இடைவெளி விழுந்தாலும் மீத்தேனுக்கு வழி கிடைத்துவிடும். கிணற்றில் தங்கிய சேறு கலந்தால் குழம்பு வலுவிழக்கும். அடியில் தாங்கல் இல்லாவிட்டால், கனமான குழம்பு தன்னைவிட லேசான சேற்றுக்குள் நழுவி இறங்கிவிடும். அடைப்பு நன்றாக அமைந்தாலும், குழாய்க்கு வெளியே இருக்கும் பழைய சிமெண்ட் பழுதென்றால் வாயு அந்தப் பக்கமாக ஏறிவரும். பாறை முதல் பாறை வரை கிணற்றின் முழு அகலத்தையும் அடைக்க வேண்டும் என்று நார்வே வற்புறுத்துவது இதனால்தான்.

சிமெண்டைவிடச் சோதனை முறையே எனக்குப் பெரிய கவலை. இறுகிய அடைப்பின்மேல் குழாயை இறக்கிப் பாரம் ஏற்றுகிறார்கள். மேலிருந்து அழுத்தம் கொடுக்கிறார்கள். ஆனால் வாயு கீழிருந்து, பல பத்தாண்டுகள் முட்டிக்கொண்டிருக்கும். ஒருமுறை தேறிய அடைப்பைப் பல இடங்களில் யாரும் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

1859இல் டிரேக் என்பவர் தோண்டிய கிணறு எண்ணெய் தந்த அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், பழைய கிணறுகள் பலவற்றை மரக்கட்டையும் கல்லும் போட்டு மூடினார்கள். அங்கே 19 கைவிட்ட கிணறுகளை அளந்து, ஆய்வாளர் மேரி காங்கின் குழுவினர் 2014இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அடைத்த கிணறுகளிலிருந்தும் மீத்தேன் வந்திருந்தது. பின்வந்த விரிவான ஆய்வுகளோ, அடைத்தவை பொதுவாக மிகக் குறைவாகவே கசிகின்றன என்று காட்டின. ஆகவே அடைப்பது வீண்வேலை அல்ல; அடைத்ததோடு கடமை முடிந்தது என்று நினைப்பதே தவறு.

சிமெண்டுக்கு மாற்றாக வேறு சில வழிகளும் உண்டு. பிஸ்மத் உலோகக் கலவை, சிமெண்டைப்போல் சுருங்காமல், உறையும்போது விரிகிறது. நார்வேயில் சில கிணறுகளில் களிப்பாறை தானே நகர்ந்து குழாயை இறுக்கி மூடுவதைத் தடுப்பாக ஏற்கிறார்கள். இவை சிமெண்டுக்குத் துணையாகலாம்; அதன் மலிவுக்கும் எளிமைக்கும் ஈடாகவில்லை.

உரிமையாளரற்ற கிணறுகளுக்காக அமெரிக்கா 2021இல் சுமார் 470 கோடி டாலர் ஒதுக்கியது. இத்தகைய நிதியில் ஒரு பங்கை, அடைத்த கிணறுகளை ஆண்டுகள் கழித்து மீண்டும் அளப்பதற்கென்று சட்டப்படி ஒதுக்கிவைக்க வேண்டும். மறு அளவீடு இல்லாத அடைப்பை நிரந்தரம் என்று சான்றளிக்க எந்த அரசுக்கும் உரிமை இல்லை.