ஊர் எல்லையும் நீர் எல்லையும்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்தில் மழை கொட்டித் தீர்த்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ், தண்டவாளத்துக்கு அடியிலிருந்த மண் அரித்துப்போனதால் ஸ்ரீவைகுண்டம் நிலையத்திலேயே நின்றுவிட்டது. உள்ளே சுமார் 800 பயணிகள், சுற்றிலும் வெள்ளம். வெளியிலிருந்து உதவி வரும்வரை அவர்களுக்குச் சோறு போட்டவர்கள் பக்கத்துப் புதுக்குடி மக்கள். வீட்டிலிருந்த அரிசியையும் பருப்பையும் கொண்டுவந்து கோயிலில் வைத்துச் சமைத்தார்கள். யாரும் அவர்களுக்கு உத்தரவு போடவில்லை.

அதே வெள்ளத்தில் தாமிரபரணிப் பாசனப் பகுதியில் குளங்கள் உடைந்தன. மேலே ஒரு குளம் உடைந்தால் அந்தத் தண்ணீர் மொத்தமும் கீழ்க்குளத்துக் கரையில்தான் வந்து மோதும். கீழூர்க்காரர்கள் விடிய விடிய மணல்மூட்டை அடுக்கினாலும், மேலே என்ன நடந்தது, அணையிலிருந்து எவ்வளவு திறந்துவிட்டார்கள் என்பது அவர்கள் கையில் இல்லை.

பசித்தவனுக்குச் சோறு போடுவதில் ஊரை மிஞ்ச ஆளில்லை. மேலிருந்து வரும் நீரின் முன்னால் அதே ஊருக்குப் போக்கிடம் இல்லை. சுற்றுச்சூழல் நெருக்கடிக்கு உள்ளூர்த் தன்னிறைவுதான் விடை என்று யாராவது சொல்லும்போதெல்லாம் இந்த இரண்டும் சேர்ந்தே என் நினைவுக்கு வருகின்றன. கண்மாய்க்கரையில் வளர்ந்தவன் என்பதால் அந்த விடையை நம்பவே எனக்கு ஆசை. ஆசை இருப்பதால்தான் அதைத் தட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டில் இந்த விவாதத்துக்கு ஏரி, குளம், கண்மாயைவிட நல்ல உரைகல் இல்லை. ஏறத்தாழ 39,000 நீர்நிலைகள். பெரும்பாலானவை மழைநீரையோ ஆற்றின் மிகைநீரையோ தேக்கிவைத்து மூன்று நான்கு மாதம் நெல்லுக்குக் கொடுப்பவை. இவற்றை ஒவ்வோர் ஊரும் தன் உழைப்பாலேயே பராமரித்த முறைக்குக் குடிமராமத்து என்று பெயர். கோடையில் வரத்துக்கால் வெட்டுவது, கரைக்கு மண் அணைப்பது, மடையைச் செப்பனிடுவது, தூர்ந்த வண்டலைக் கரம்பையாக வயலுக்கு அடிப்பது எல்லாம் அதில் அடக்கம். கரம்பை அடித்த வயலுக்கு உரம் குறைவாகப் போதும். மண் எடுத்த கண்மாய்க்குக் கொள்ளளவு கூடும். ஒரே வேலையில் இரண்டு பலன். இந்தக் கணக்கைக் கண்டுபிடித்தவர்களை வணங்கத் தோன்றுகிறது.

இந்த முறையின் நிறைவைச் சொல்ல உத்தரமேரூர்க் கல்வெட்டை எடுத்துக்காட்டாதவர்கள் குறைவு. முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921 ஆண்டுகளில் வெட்டப்பட்டது. ஏரியைப் பார்த்துக்கொள்ள ஏரி வாரியம், அதற்கு ஆள் தேர்ந்தெடுக்கக் குடவோலை. முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவர்கள் மட்டுமல்ல, அவர்களுடைய உறவினர்களும் தகுதி இழந்தார்கள். இன்றைய எந்தச் சங்கத்தின் விதிகளிலும் இவ்வளவு கறார் இல்லை. ஆனால் அதே கல்வெட்டு, ஓலையில் பெயர் எழுதப்பட யாருக்குத் தகுதி என்றும் சொல்கிறது. வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், வேதப் பயிற்சி வேண்டும். ஏரியில் இறங்கி மண் சுமந்தவர்களுக்கும் அந்தக் குடத்துக்கும் சம்பந்தமே இல்லை. கல்வெட்டின் ஒரு பாதியை மேடையில் வாசித்துவிட்டு மறு பாதியை விட்டுவிடும் வழக்கம் எனக்கு உறுத்தலாகவே இருந்துவருகிறது.

குடிமராமத்து எல்லோரும் மனமுவந்து செய்த வேலை என்பதும் முழு உண்மையல்ல. 1858-இல் ஆங்கில அரசு சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றையே கொண்டுவந்தது. கரை உடையும் நிலை வந்தால் ஊரார் உழைப்புத் தர வேண்டும், தராவிட்டால் தண்டம். நிலத்தின் வரி அரசுக்கு, கரையின் பாரம் ஊருக்கு. ஊருக்குள்ளோ மிராசுதார் தன் பங்கு வேலைக்குத் தன் பண்ணையாளை அனுப்பினார். சிவகங்கை, இராமநாதபுரம் சீமையின் கண்மாய்களை ஆராய்ந்த டேவிட் மோஸ், 2003-இல் வெளியான தன் நூலில் இதைத்தான் விரிவாக எழுதினார். இக்கண்மாய்களைக் கட்டிக் காத்ததில் அரசர்களின் அதிகாரத்துக்கும் சாதியின் படிநிலைக்கும் பெரிய பங்கு உண்டு, சமத்துவமான ஊர்ச்சமூகம் ஒன்று இருந்து பின்னால் சிதைந்துபோனது என்ற சித்திரம் பொருந்தாது என்பது அவர் வாதம். கசப்பானது, ஆனால் மறுக்க முடியவில்லை.

என் சிறுவயதில் எங்கள் ஊர் நீர்பாய்ச்சி ஒருவரைப் பார்த்திருக்கிறேன். கண்மாய்க்குள் இரண்டு கல்தூண் நிற்கும். நடுவே குமிழித்தூம்பு. அதன் அடைப்பை எடுக்க அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே முங்குவார். வெளியே வரும்போது கண் சிவந்திருக்கும். எந்த வயலுக்கு எவ்வளவு நேரம், எந்த வாய்க்காலில் எத்தனை விரல் தண்ணீர் என்பதெல்லாம் அவர் மனக்கணக்கு. தண்ணீர் குறைந்த வருடத்தில் பெரிய வீட்டு வயலும் சின்ன வீட்டு வயலும் அவர் முறைக்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டும். அறுவடையில் களத்து நெல் அவருக்குக் கூலி. ஊரின் தண்ணீரையே பங்கிட்ட அந்த மனிதர், தேநீர்க் கடையில் தனிக் குவளையில் குடித்தார். அவர் மகன் அந்த வேலைக்கு வரவில்லை, திருப்பூருக்குப் போனான். மரபு அழிந்துவிட்டதே என்று வருத்தப்படுகிறவர்கள் அவன் ஏன் போனான் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

இந்த இடத்தில் இருவர் நினைவுக்கு வருகிறார்கள். தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பாவும் அம்பேத்கரும். இருவரும் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்தவர்கள். இயற்கையின் சுழற்சியை உடைக்காத, தேவையை உள்ளூரிலேயே நிறைவு செய்துகொள்ளும் நிலைத்த பொருளாதாரத்தை 1940-களிலேயே வரைந்து காட்டியவர் குமரப்பா; கடைசிக் காலத்தில் மதுரைக்கு அருகே தே.கல்லுப்பட்டியில் அதை வாழ்ந்தும் பார்த்தார். அம்பேத்கர் 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தைக் குறுகிய புத்தியும் வகுப்புவாதமும் குடிகொண்ட இடமாகச் சாடினார். மண்ணைப் பற்றிக் குமரப்பா சொன்னது சரி; அந்த மண்ணில் நிற்கும் மனிதர்களைப் பற்றி அம்பேத்கர் சொன்னது சரி. ஒருவரை வைத்து மற்றவரை அடிக்கிற விவாதத்தால் கண்மாய்க்கு ஒரு கூடை மண்கூட வந்து சேராது. பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் தலித் ஒருவர் ஊராட்சித் தலைவராக வருவதை ஏற்க மறுத்து 1996 முதல் பத்தாண்டுகள் அந்தப் பதவியில் யாரும் நிலைக்க முடியாமல் செய்தது ஊர்தான். 2006-இல் அந்தக் கதவைத் திறக்க ஊருக்கு வெளியிலிருந்த அரசு தேவைப்பட்டது.

பழைய முறையின் குறை இவ்வளவு என்றால், அதைக் கைவிட்டதன் கேடு அதைவிடப் பெரிது. மின்மோட்டார் வந்தது, 1990 வாக்கில் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது. சொந்தமாக ஆழ்துளைக் கிணறு போட்டவருக்குக் கண்மாய் நிறைந்தாலென்ன, வற்றினாலென்ன? கரை வேலைக்கு அவர் வரமாட்டார். அவர் வராததால் மற்றவர்களும் வரமாட்டார்கள். அதுவும் ஒருவகைத் தன்னிறைவுதான், தனி ஆளின் தன்னிறைவு. கொங்குப் பகுதியில் 1,000 அடிக்கும் கீழே போய்த் தண்ணீர் தேடுகிற நிலை அதன் முடிவு. கவனிப்பாரற்ற கண்மாயைச் சீமைக் கருவேலம் எடுத்துக்கொண்டது.

2017-இல் தமிழக அரசு குடிமராமத்தை அதே பெயரில் திரும்பக் கொண்டுவந்தது. முதல் கட்டத்துக்கு 100 கோடி ரூபாய். கண்மாய்ப் பாசனத்தில் நிலம் உள்ளவர்களின் ஆயக்கட்டுதாரர் சங்கமே வேலையைச் செய்ய வேண்டும், 10 சதவீதத்தைப் பணமாகவோ உழைப்பாகவோ பொருளாகவோ ஊர் தர வேண்டும். எண்ணம் நல்லது. சில ஊர்களில் நாற்பது வருடமாகத் தூர்ந்து கிடந்த வரத்துக்கால் திறந்தது, நானே பார்த்தேன். பெயரைச் சொல்ல விரும்பாத இன்னோர் ஊரிலோ சங்கம் தாளில் மட்டும் இருந்தது. ஒப்பந்தக்காரர் ஒருவரே அதன் கையெழுத்தாகவும் இருந்தார். பொக்லைன் வந்து மூன்றே நாளில் மடைக்குப் பக்கத்திலேயே ஆழமாகத் தோண்டிவிட்டுப் போனது. மழை வந்தது, குழி நிறைந்தது. மடையின் வாய் குழித் தண்ணீரைவிட ஓர் ஆள் மட்டம் மேலே. “தண்ணி கெடக்கு, ஆனா வயலுக்கு ஏறாதுய்யா” என்றார் கரையில் நின்ற பெரியவர். மண் எங்கே எடுக்க வேண்டும், எங்கே எடுக்கக் கூடாது என்று அவருக்குத் தெரியும். அவரை யாரும் கேட்கவில்லை.

கேட்காமல் போனதுதான் என் புகாரின் சாரம். ஊரிடம் உழைப்பைக் கேட்கிறோம், 10 சதவீதம் கேட்கிறோம், பொறுப்பைக் கேட்கிறோம். ஆனால் பல கண்மாய்களில் மீன் குத்தகைப் பணமும் கருவேல மர ஏலப் பணமும் கரையைக் காக்கிறவர்கள் கைக்கு வருவதில்லை. வருமானம் இல்லாத பொறுப்பு எத்தனை வருடம் தாங்கும்? 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபின் பேராவூரணி இளைஞர்கள் 564 ஏக்கர் பெரியகுளத்தை மக்கள் பணத்தைத் திரட்டித் தூர்வாரினார்கள். கடைமடைப் பகுதியில் அது எவ்வளவு பெரிய காரியம் என்பது அங்கே விவசாயம் செய்கிறவர்களுக்குத் தெரியும். மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் ஒவ்வொரு குளமும் அப்படியொரு பேரிடருக்கும் அப்படியொரு இளைஞர் கூட்டத்துக்கும் காத்திருக்க முடியாது. ஊர் தானே பார்த்துக்கொள்ளும் என்று அந்தச் சாதனையைக் காட்டி அரசு ஒதுங்கிக்கொண்டால், அது அந்த இளைஞர்களுக்குச் செய்யும் துரோகம்.

இன்னொன்று, கண்மாய்கள் தனித்தனியாக இல்லை. மேல்கண்மாயின் கலிங்கில் வழிவதுதான் கீழ்க்கண்மாயின் வரத்து. கலிங்கின் மேல் நட்டிருக்கும் கற்களுக்கு இடையே மண்ணை வைத்து அடைத்தால் மேலூருக்கு இன்னும் ஓர் அடி தண்ணீர் நிற்கும், கீழூர் காயும். வைகைத் தண்ணீருக்காகக் கடைசியில் காத்திருக்கும் இராமநாதபுரம் பெரிய கண்மாய்க்கு, மேலே இருக்கும் ஊர்களின் தன்னிறைவு பல வருடங்களில் வறட்சியாகவே வந்து சேர்கிறது. மூன்று மாத மழை மூன்று நாளில் கொட்டும் இந்தக் காலத்தில் மேலூர் அதே கலிங்கை அவசரமாக வெட்டிவிட்டால் கீழூர் மூழ்கும். காய்ந்தாலும் கெடுத்தது, பேய்ந்தாலும் கெடுத்தது. ஓர் ஊரின் சங்கத்தால் இதைத் தீர்க்க முடியாது. ஒரே நீர்வரத்தில் இருக்கும் எல்லா ஊர்களும் உட்கார்ந்து பேசுகிற இடம் வேண்டும், அணையின் திறப்பு அளவு முன்கூட்டியே அவர்களுக்கு வர வேண்டும், முடிவை மீறுகிறவரைத் தட்டிக்கேட்க அரசு நிற்க வேண்டும். இவை ஊரின் தன்னிறைவுக்கு எதிரானவை அல்ல. இவை இல்லாமல் அது ஒரு மழைக்குத் தாங்காது.

சென்ற கோடையில் ஓர் ஆயக்கட்டுக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலிகள், சங்கத்தார் இருபது பேர். கொஞ்சம் தள்ளி, கரையோரம், நூறு நாள் வேலை முடிந்து மண்வெட்டியோடு பெண்கள் நின்றிருந்தார்கள். மீன் பிடிப்பதற்காகக் குத்தகைதாரர் கண்மாயை ஒட்டத் திறந்துவிடப் போகிறார் என்று பேச்சு வந்தது. அந்தப் பெண்களில் ஒருவர் அங்கிருந்தபடியே கேட்டார்: ஆடு மாட்டுக்கு ஆடி வரைக்கும் முழங்கால் தண்ணீராவது விட்டுவைக்கக் கூடாதா? அன்று அந்த இடத்தில் பேசப்பட்டவற்றில் இதுதான் மிகச் சரியான பேச்சு. கணக்கு எழுதிய தம்பி நோட்டில் எழுதப் பேனாவை எடுத்தார். அருகிலிருந்தவர் தடுத்தார். பட்டா உள்ளவர்கள் சொன்னால்தான் தீர்மானத்தில் ஏறும் என்றார். அந்த அம்மா இந்தக் கண்மாயில் எத்தனை வருடம் மண் வெட்டியிருக்கிறார் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் அடுத்த விஷயத்துக்குப் போனார்கள். அந்த வாரமே மடை திறந்தது.