அழுகாத பண்டங்களின் சந்தை

2025இல் தோத்தாபுரி மாம்பழ விலை சரிந்தபோது, கார்வேட்டிநகரம் உள்ளிட்ட சித்தூர் மாவட்டத்து விவசாயிகளுக்காக ஆந்திர அரசு ஓர் ஏற்பாடு செய்தது. கிலோவுக்குக் கூழ் ஆலைகள் 8 ரூபாய் தர வேண்டும். அரசு 4 ரூபாய் சேர்க்கும். அமோக விளைச்சல் மட்டும் சரிவுக்குக் காரணமில்லை. பழம் அழுகிவிடும், ஆலைகளில் விற்காமல் தேங்கிய பழைய கூழ் அழுகவில்லை. அதுவும் விலையை அழுத்தியது.

இணைய விளையாட்டுகளில் பல பண்டங்கள் இந்தக் கூழ் மாதிரிதான். ‘ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்’ ஆட்டத்தில் அரக்கர்களைக் கொல்லக் கொல்ல நாணயமும் ஆயுதமும் கொட்டிக்கொண்டே இருக்கும். பெரும்பாலான ஆயுதங்கள் தேய்வதில்லை. வேண்டாததை ‘ஹை ஆல்கெமி’ மந்திரத்தால் நிர்ணயித்த விலைக்கு நாணயமாக்கலாம். பார்க்க ஆதரவு விலை போலத்தான். ஆனால் அரசின் 4 ரூபாய் கஜானாவிலிருந்து வருகிறது. மந்திரத்தின் நாணயமோ வெறுங்காற்றில் அச்சாகிறது. பணவீக்கத்தின் ஊற்றுகளில் அதுவும் ஒன்று.

இதற்கு ஆட்டத்தை நடத்தும் ஜேகெக்ஸ் நிறுவனம் 2021 டிசம்பரில் மருந்து கண்டது. ஆட்டத்தின் பொதுச்சந்தையில் விற்பவரிடம் 1 விழுக்காடு வரி. 2025இல் அது 2 ஆனது. வரியில் ஒரு பகுதியைக் கொண்டு மிகுதியான பண்டங்களை நிறுவனமே வாங்கி அழித்துவிடும். மீதி வரி மறைந்துவிடுவதால் நாணயமும் குறைகிறது, சரக்கும் குறைகிறது. கையில் இருக்கும் வாள் உடைந்துபோகும் எரிச்சல் ஆட்டக்காரருக்கு இல்லை. இது கெட்டிக்கார ஏற்பாடு.

இப்படி வடிகால் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ‘ஆக்ஸி இன்ஃபினிட்டி’ என்ற கிரிப்டோ விளையாட்டு சாட்சி. அதன் எஸ்எல்பி நாணயத்துக்கு, ஆட்டத்து உயிரினங்களை இனப்பெருக்கம் செய்யக் கட்டும் கட்டணம்தான் பெரிய செலவு வழி. புதியவர்கள் வரத்து குறைந்ததும் அதுவும் வற்றியது. 2021 ஜூலையில் 30 அமெரிக்க சென்டுக்கு மேல் விற்ற நாணயம், 2022 நடுவில் ஒரு சென்டுக்கும் கீழே போனது.

ஆனாலும் ரூன்ஸ்கேப் வரியில் இரண்டு குறைகள் உண்டு. எதை வாங்கி அழிப்பது என்பதை நிறுவனமே முடிவு செய்வதால், எந்தப் பண்டத்தின் விலை ஏறும் என்பதும் அதன் கையில் இருக்கிறது. இரண்டாவது இன்னும் பெரிது: ஒரு பொருளுக்கான வரி 50 லட்சம் நாணயத்தைத் தாண்டாது. ஒரு லட்சத்துக்கு விற்பவர் 2 விழுக்காடு முழுதாகக் கட்டுகிறார். 100 கோடிக்கு விற்பவருக்கு விழுவது அரை விழுக்காடுதான்.

பணவீக்கத்தை அடக்கும் கருவியாக இந்த வரி தேறிவிட்டது. ஏற்றத்தாழ்வைக் குறைப்பதில் தேறவில்லை. வரி இருக்கட்டும், உச்சவரம்பை எடுத்துவிடலாம். அந்த வரம்பால் பயன் பெறுவது பெரும்பணம் புழங்குபவர்கள்தான்.