ஊர் மாறியவருக்கு ஸ்ட்ராவா: க்ரூப் ரைடு தேட எவ்வளவு உதவும்?

ஸ்ட்ராவா 2009-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் தொடங்கிய செயலி. சைக்கிள், ஓட்டம், நடை என உடலை வருத்திச் செய்யும் எதையும் ஜி.பி.எஸ். துணையோடு பதிந்து மற்றவர்களுக்குக் காட்டுவது அதன் வேலை. அதை உருவாக்கிய மார்க் கெய்னி, மைக்கேல் ஹோர்வாத் இருவரும் ஹார்வர்டில் ஒரே படகு அணியில் துடுப்பு வலித்தவர்கள். படிப்பு முடிந்து ஆளுக்கொரு திசையில் போனபின், அணியாகப் பயிற்சி செய்யும் சூடு இல்லாமல் போனதுதான் இந்தச் செயலிக்கு வித்து.

ரோடு சைக்கிளிங் பழகிய ஒருவர் வேலை மாறியோ கல்யாணமாகியோ வேறு ஊருக்கு வரும்போது சந்திப்பதும் அதே இழப்பைத்தான். சைக்கிளைப் பெட்டி கட்டி அனுப்பிவிடலாம். சனிக்கிழமை விடிகாலையில் வாசலில் வந்து நின்று கூப்பிடும் கூட்டத்தை அப்படி அனுப்ப முடியாது. செயலியின் மற்ற பயன்களை விட்டுவிட்டு, புதிய நகரத்தில் சேர்ந்து ஓட்ட ஆள் தேட அது எவ்வளவு உதவுகிறது என்பதை மட்டும் இந்த மதிப்பீடு பார்க்கிறது. எடுத்துக்காட்டு நகரம் சென்னை.

சென்னையில் இந்தத் தேடல் வெறும் பொழுதுபோக்கு விஷயமல்ல. நன்றாக ஓட்டக்கூடிய நேரம் விடியலுக்கு முன் தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடுகிறது. அதனால் பெரும்பாலான ரைடுகள் இருட்டிலேயே கிளம்புகின்றன. பழக்கமில்லாத சாலையில், குழி எங்கே, வேகத்தடை எங்கே என்று தெரியாமல், ஒற்றை டெயில் லைட்டை நம்பித் தனியாகப் போவது ஆபத்து. பத்து விளக்குகள் சேர்ந்து மின்னினால் பின்னால் வரும் லாரிக்காரருக்குத் தூரத்திலேயே தெரியும். முன்னால் போகிறவர் குழியைக் கைகாட்டுவார். பஞ்சரானால் நாலு கை உதவும்.

தேடலைத் தொடங்கச் சரியான இடம் ஹீட்மேப். பயனர்கள் பொதுவில் வைத்த பதிவுகளையெல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, அதிகம் பேர் போன சாலையைப் பிரகாசமாகக் காட்டும் வரைபடம் இது. ஓட்டமும் நடையும் கலந்துவிடாதபடி சைக்கிளை மட்டும் தேர்ந்துகொண்டு பார்க்க வேண்டும். சென்னையின் தெற்கே திருவான்மியூரிலிருந்து கிளம்பி அக்கரை, உத்தண்டி சுங்கச்சாவடி, முட்டுக்காடு, கோவளம் வழியாக மாமல்லபுரம் வரை போகும் கிழக்குக் கடற்கரைச் சாலை அதில் தடித்த கோடாக ஒளிரும். திருவான்மியூர் – மாமல்லபுரம் ஒருவழி சுமார் 45 கி.மீ. போய்வந்தால் 90 கி.மீ. ஆகிறது. முட்டுக்காட்டிலேயே திரும்புகிறவர்களுக்கு ஏறத்தாழ அதில் பாதி. வந்து இறங்கிய முதல் நாளே இவ்வளவும் தெரிந்துவிடுகிறது. வீடு பார்ப்பதற்கு முன்பே பார்த்துவிட்டால் இன்னும் நல்லது.

ஹீட்மேப்பில் இரண்டு குறைகள் உண்டு. இலவசமாகக் கிடைப்பதில் நேரம் தெரியாது. மாலை ஆறு மணிக்கு யாரும் சைக்கிளோடு எட்டிப் பார்க்காத சாலையும், காலை ஐந்தரைக்குக் கூட்டமாகப் போகும் சாலையும் ஒரே நிறத்தில்தான் இருக்கும். மற்றொன்று, பிரகாசம் பாதுகாப்பைக் குறிப்பதில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வார இறுதி விடியலில் அதிவேகக் கார்களும் பைக்குகளும் வரும் என்பதை எந்த வண்ணமும் சொல்லாது.

நேரத்தைக் கண்டுபிடிக்க செக்மென்ட் பக்கம் போக வேண்டும். செக்மென்ட் என்பது பயனர்களே சாலையில் குறித்துவைத்த ஒரு துண்டு. அதைக் கடந்தவர்களின் நேரமெல்லாம் லீடர்போர்டில் வரிசையாக நிற்கும். போட்டிக்காக வந்த வசதி; ஆள் தேடுகிறவருக்கு அது வேறு விதத்தில் பயன்படுகிறது. ஒரு வரியைத் தட்டினால் அந்த ரைடின் தேதி, கிளம்பிய நேரம், முழுப் பாதை எல்லாம் தெரியும். முட்டுக்காடு பாலத்தை ஒட்டிய ஏதாவது ஒரு செக்மென்டில், சனி, ஞாயிறுகளில் பதிவான சில ரைடுகளைத் திறந்து பார்த்தால் போதும்: எந்தப் பகுதிக்காரர்கள் எத்தனை மணிக்குக் கிளம்புகிறார்கள், எங்கே திரும்புகிறார்கள், எங்கே அரைமணி நேரம் நின்று டிபன் சாப்பிடுகிறார்கள் என்ற பழக்கம் பிடிபட்டுவிடும். சேர்ந்து போனவர்களின் பதிவுகளைச் செயலி தானாகவே ஒன்றாக இணைத்துக் காட்டுகிறது. ஒரே பதிவின் கீழ் எட்டு, பத்துப் பேர் வாராவாரம் தென்பட்டால், அது நிலையாக நடக்கும் க்ரூப்.

லீடர்போர்டின் உச்சியில் இருப்பவர்களைப் பின்தொடர்வது புதியவர்கள் வழக்கமாகச் செய்வது. பெரும்பாலும் அதனால் பயனில்லை. அங்கே இருப்பவர்கள் பந்தயக்காரர்கள். 2020 மே மாதத்திலிருந்து, சந்தா கட்டாதவருக்கு முதல் பத்து இடங்கள் மட்டுமே தெரிகின்றன. புதியவருக்கு ஏற்ற துணை பட்டியலின் நடுவில் இருப்பார். சந்தாவுக்குப் பின்னால் மறைந்திருப்பதும் அந்த நடுப்பகுதிதான். இதற்கு ஓரளவு மாற்று, லோக்கல் லெஜண்ட் என்ற பட்டம். வேகத்தைப் பாராமல், கடந்த 90 நாள்களில் அந்தத் துண்டை அதிகமுறை கடந்தவருக்கு அது கிடைக்கிறது. வாரம் தவறாமல் சாலைக்கு வருகிறவர் யார் என்று அறிய, செயலியில் இதைவிட நல்ல அடையாளம் இல்லை.

அடுத்தது கிளப். தேடலில் ஊர்ப் பெயரைப் போட்டால் நிறைய கிளப்புகள் வரும். அவற்றில் பெரும்பாலானவை செத்துப்போனவை. உறுப்பினர் எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறக் கூடாது. கடைசிப் பதிவு எப்போது போடப்பட்டது, ஈவென்ட் பகுதியில் வரும் வாரத்துக்கு ஏதாவது இருக்கிறதா, இந்த வாரப் பட்டியலில் எத்தனை பேர் உண்மையாகவே ஓட்டியிருக்கிறார்கள் என்ற மூன்றையும் பார்த்தால் உயிருள்ளது எது என்று தெரிந்துவிடும். அந்த வாரப் பட்டியல் ஒரு புதையல். ஒவ்வொருவரும் ஓட்டிய தூரம், ரைடுகளின் எண்ணிக்கை, சராசரி வேகம் எல்லாம் அதில் இருக்கின்றன. நேரில் போய் நிற்பதற்கு முன்பே, அந்தக் கூட்டம் 22 கி.மீ. வேகத்தில் போகிறதா 32-ல் போகிறதா என்று கணித்துக்கொள்ளலாம்.

ஆனால் அந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ரைடின் சராசரியைச் செயலி கணக்கிடுவது சைக்கிள் நகர்ந்துகொண்டிருந்த நேரத்தை வைத்து; சிக்னலில் நின்றதும் டீ குடித்ததும் அதில் சேராது. செக்மென்டில் மட்டும் நின்ற நேரமும் சேரும். வேளச்சேரியிலிருந்தோ அண்ணா நகரிலிருந்தோ கிளம்புகிறவரின் சராசரியை நகரத்துக்குள் ஓட்டிய பகுதி கீழே இழுத்துவிடும். அதே ஆள் உத்தண்டி தாண்டியதும் 30-ஐத் தொடலாம்.

காற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். வடகிழக்குப் பருவக்காலத்தில் மாமல்லபுரம் நோக்கிப் போகும்போது காற்று முதுகைத் தள்ளும், திரும்பும்போது முகத்தில் அறையும். செக்மென்டுக்குத் திசை உண்டு என்பதால், தெற்கு நோக்கிய துண்டில் டிசம்பரில் பதிவான நேரத்தைப் பார்த்து மிரள வேண்டியதில்லை. சென்னை தட்டையான ஊர், அதனால் வேக ஒப்பீடு இங்கே ஓரளவு செல்லும். மருதமலை ஏற்றத்தைக் காலைப் பயிற்சியில் சேர்த்துக்கொள்ளும் கோவைக்காரர்களின் சராசரியையோ, நந்தி மலை ஏறும் பெங்களூர்க்காரர்களின் சராசரியையோ இதோடு வைத்துப் பார்ப்பதில் பொருளில்லை.

தனியாக ஓட்டிய வேகத்தையும் கூட்டத்தின் வேகத்தையும் நேருக்கு நேர் வைப்பது இன்னொரு பிழை. முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டிப் போனால் காற்றின் எதிர்ப்பு வெகுவாகக் குறைகிறது; நல்ல வேகத்தில், செலவாகும் உழைப்பில் கால் பங்கு வரைகூட மிச்சமாகும். தனியே 25 கி.மீ. வேகத்தில் திணறாமல் போகிறவர், ஒழுங்காக வரிசை கட்டிப் போகும் கூட்டத்தில் 28-ஐப் பெரும்பாலும் தாங்குவார். அதற்கு ஒரு நிபந்தனை: அவ்வளவு நெருக்கமாக ஓட்டப் பழகியிருக்க வேண்டும். அந்தப் பழக்கம் இல்லாதவர் தன் வேகத்துக்குச் சற்றுக் கீழே உள்ள க்ரூப்பில் தொடங்குவதே அவருக்கும் நல்லது, பின்னால் வருகிறவருக்கும் நல்லது.

ஈவென்ட் வசதி எழுத்தில் பார்த்தால் அருமையானது. தேதி, நேரம், கூடும் இடம், பாதை எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கும். வருகிறேன் என்று ஒரு தட்டில் சொல்லிவிடலாம். வாராவாரம் நடப்பதை ஒருமுறை அமைத்துவிட்டால் போதும். நடைமுறையில் சென்னையின் க்ரூப்புகள் பல இதைத் தொடுவதே இல்லை. முடிவுகள் வாட்ஸ்அப்பில் நடக்கின்றன. வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்கு மழை வருமா என்று பேசி, பதினொன்றுக்குப் பாதையை மாற்றி, காலை நாலு மணிக்கு இருவர் வரவில்லை என்று சொல்வதெல்லாம் அங்கேதான். ஆகவே ஸ்ட்ராவாவில் கண்டுபிடித்த க்ரூப்பின் வாட்ஸ்அப்புக்குள் நுழைவதுதான் உண்மையான நோக்கமாக இருக்க வேண்டும்.

2023 டிசம்பரில் வந்த மெசேஜ் வசதி இதற்குக் கைகொடுக்கிறது. முன்பெல்லாம் அறிமுகமில்லாத ஒருவருடைய ரைடின் கீழ் எல்லோரும் பார்க்கும்படி கமென்ட் போட்டுத்தான் விசாரிக்க வேண்டியிருந்தது. இப்போது, அவர் அனுமதித்திருந்தால், ஊருக்குப் புதிது என்பதையும் எந்த வேகத்தில் எவ்வளவு தூரம் ஓட்டிப் பழக்கம் என்பதையும் நேரடியாக எழுதிக் கேட்கலாம். இந்த இரண்டு விவரங்களும் இல்லாத செய்திக்குப் பதில் வருவது அரிது. அழைக்கிறவர் தன் கூட்டத்தின் பாதுகாப்பையும் யோசிக்க வேண்டியிருக்கிறதல்லவா?

இன்னொன்றையும் அப்போதே கேட்டுவிட வேண்டும்: பின்தங்கினால் காத்திருப்பார்களா? சில க்ரூப்புகளில் கடைசி ஆளோடு ஓட்டவென்றே ஒருவர் இருப்பார். வேறு சிலவற்றில் சுங்கச்சாவடியில் ஒருமுறை ஒன்றுகூடுவார்கள், அதற்குப்பின் அவரவர் வேகம். இரண்டும் தவறில்லை. ஆனால் முதல் நாளே வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குப் பக்கத்தில் தனியாக விடப்பட்ட ஒருவர் மறுவாரம் வர மாட்டார். 

சில வாசல்கள் இந்தச் செயலிக்கு முழுக்க வெளியே இருக்கின்றன. சென்னையில் டபிள்யூ.சி.சி.ஜி. என்று அறியப்படும் ‘வி ஆர் சென்னை சைக்கிளிங் க்ரூப்’ பகுதிவாரியாகப் பிரிந்து இயங்குகிறது. வீட்டுக்கு அருகிலுள்ள கிளையோடு தொடங்கலாம். நகரின் பழைய இடங்களைச் சுற்றிப் பார்த்தபடி மெதுவாக ஓட்ட விரும்புகிறவருக்கு சைக்கிளிங் யோகிஸ் பொருந்தும். நீண்ட தூரக்காரர்களுக்கு மெட்ராஸ் ராண்டனர்ஸ் நடத்தும் பிரெவே ரைடுகள் இருக்கின்றன. பாரிஸில் 1904-ல் தோன்றிய ஆடாக்ஸ் கிளப்பின் விதிகளின்படி நடக்கும் இவை பந்தயம் அல்ல. 200 கி.மீ.-க்குப் பதிமூன்றரை மணி நேரம், 300-க்கு 20, 400-க்கு 27, 600-க்கு 40 என்று அவகாசம் உண்டு. 200-ஐ முடிக்க, நிற்கும் நேரத்தையும் சேர்த்து மணிக்கு 15 கி.மீ. போதும். ஒரு பகல் முழுக்க ஒரே சாலையில், ஏறத்தாழ ஒரே வேகத்தில் ஓட்டுகிறவர்களோடு சேர்ந்துபோவதால், ஊருக்குப் புதியவருக்குத் துணை கிடைக்க இதைவிட இயல்பான வழி இல்லை. நல்ல சைக்கிள் கடைக்கு சர்வீசுக்குப் போய் விசாரிப்பதும் பலன் தரும். கடைக்காரருக்கு ஊரின் ரைடர்கள் எல்லோரையும் தெரிந்திருக்கும்.

ஆள் தேடப் பயன்படும் இதே வசதிகள் ஒருவரைக் கண்காணிக்கவும் பயன்படும். முன்பின் தெரியாத ஊரில் தனியாக வசிக்கும் பெண்கள் இதை முதலிலேயே கவனிக்க வேண்டும். உலகெங்கும் ராணுவ முகாம்களின் அமைப்பு ஹீட்மேப்பில் வெளிப்பட்டது 2018 ஜனவரியில் பெரும் செய்தியானது. தனிமனிதரின் வீட்டு வாசலும் அதே விதத்தில் வெளிப்படக்கூடும். பதிவின் தொடக்கத்தையும் முடிவையும் வரைபடத்தில் மறைக்கும் வசதி அமைப்புகளில் இருக்கிறது. முதல் ரைடைப் பதிவதற்கு முன்பே அதைப் போட்டுவிட வேண்டும். வீட்டு வாசலில் அல்லாமல் கூடும் இடத்தில் பதிவைத் தொடங்குவது இன்னும் எளிய காப்பு. நெருங்கியவர்களுக்கு மட்டும் தன் இருப்பிடத்தை நேரலையில் காட்டும் பீக்கன் வசதியை, ஃபோனிலிருந்து பதிகிறவர்கள் சந்தா இல்லாமலே பயன்படுத்தலாம்; இருட்டில் கிளம்பும் ஒவ்வொரு ரைடுக்கும் அது ஓடிக்கொண்டிருப்பது வீட்டிலிருப்பவர்களுக்கு நிம்மதி.

போட்டிச் செயலிகளில் கோமூட் பயணப் பாதை வகுக்க நல்லது. ஆள் தேட அல்ல. ரைட் வித் ஜிபிஎஸ் பாதை வரைவதில் தேர்ந்தது, பிரெவே அமைப்பாளர்கள் பாதைக் கோப்பை அடிக்கடி அதில்தான் தருகிறார்கள். உள்ளூர் ரைடர்களின் அன்றாடப் பழக்கத்தை அதில் படிக்க முடியாது. ஸ்ட்ராவாவிலும் இந்தத் தேடலுக்குத் தேவையானதில் பெரும்பகுதி, அதாவது ஹீட்மேப், கிளப், ஈவென்ட், மெசேஜ் எல்லாம், இலவசக் கணக்கிலேயே கிடைக்கின்றன. சந்தா தருவதில் இதற்கு முக்கியமாக உதவுவது முழு லீடர்போர்டுதான். அதற்காக மட்டும் ஆண்டுச் சந்தா கட்ட வேண்டியதில்லை. க்ரூப் அமைந்து, சொந்தமாகப் பாதை வரையவும் பயிற்சியை அலசவும் தேவை வந்தபின் கட்டிக்கொள்ளலாம்.